டால்பவான்சின் ஊசி: கிட்னி பழுதான அம்மாவுக்கு ஒரே தடவை ஏற்றியதில் நாங்கள் கண்டது

அம்மாவின் வலது காலில் வந்த செல்லுலைட்டிஸுக்கு (தோலுக்கு அடியில் பரவும் கிருமித் தொற்று) டால்பவான்சின் என்ற ஆன்டிபயாடிக்கை ஒரே ஒரு தடவை ஏற்றி ஐந்து மாதம் ஆகிறது. கால் ஆறிவிட்டது, கிரியேட்டினின் (ரத்தத்தில் இருக்கும் ஒரு கழிவு, கிட்னி வேலை குறையக் குறைய இது ஏறும்) கிட்டத்தட்ட பழைய இடத்துக்கு வந்துவிட்டது, இனி நிதானமாக எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். டால்வான்ஸ், ஜைடால்பா என்ற பெயர்களில் வரும் மருந்து இது. கிட்னி பழுதான ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். கிட்னி நன்றாக இருப்பவருக்கு இந்த ஊசி ஒரு வசதி, பத்து நாள் படுக்க வேண்டியதில்லை, அவ்வளவுதான். ஆனால் கிட்னி பாதிப்பு ஐந்து நிலைகளில் நான்காம் நிலைக்குப் போய், டயாலிசிஸ் இன்னும் ஆரம்பிக்காத ஒருவருக்கு இதன் மதிப்பே வேறு. அது எங்களுக்குப் பாதி வழியில்தான் புரிந்தது.

அம்மாவுக்கு வயது 68, எடை 58 கிலோ, இருபது வருடமாகச் சர்க்கரை. கிரியேட்டினின் ஒரு வருடமாக 2.6-ஐ ஒட்டியே நின்றுகொண்டிருந்தது. கணுக்காலுக்கு மேலே ஒரு சின்னக் கீறல், அதை அம்மாவே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்றாம் நாள் பார்த்தால் முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை சிவந்து, தொட்டால் சுட்டது, இரவில் குளிர்காய்ச்சல் தூக்கிப்போட்டது. மருத்துவமனையில் சேர்த்தோம். உள்ளே சீழ் கட்டியிருந்தது, அதைக் கீறி எடுத்து கல்சருக்கு (எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) அனுப்பிவிட்டு, அன்றே வான்கோமைசின் ஆரம்பித்தார்கள். கல்சரில் எம்.ஆர்.எஸ்.ஏ வந்தது, அதாவது வழக்கமான பென்சிலின் வகை மருந்துகளுக்குக் கட்டுப்படாத ஸ்டெஃபைலோகாக்கஸ். ஆகவே வான்கோமைசின் கொடுத்ததில் தப்பே இல்லை, அது சரியான மருந்துதான்.

பிரச்சினை அம்மாவின் கிட்னி. வான்கோமைசினை உடம்பு சிறுநீர் வழியாகத்தான் வெளியே தள்ளுகிறது. கிட்னி நன்றாக இருப்பவருக்கு நாலிலிருந்து ஆறு மணி நேரத்தில் அது ரத்தத்தில் பாதியாகக் குறைந்துவிடும். கிட்னியே இல்லாதவருக்கு அதே பாதியாகக் குறைய சராசரியாக ஏழரை நாள் ஆகும். அம்மா இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருந்தார். எங்கே என்று தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்க்க வேண்டும், பார்த்துவிட்டு அடுத்த டோஸைத் தள்ளிப்போட வேண்டும், மறுபடி பார்க்க வேண்டும். அளவு கூடினால் வான்கோமைசினே கிட்னியைக் கெடுக்கும், குறைந்தால் கிருமி சாகாது. மூன்றாம் நாள் கிரியேட்டினின் 3.1. தொற்றினால் ஏறியதா, மருந்தினால் ஏறியதா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று மதியம் மட்டும் ரத்தம் எடுக்க நாலு தடவை குத்தினார்கள். "எத்தனை நாளைக்குடா இப்படிக் குத்துவாங்க?" என்று அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அடுத்த நாள் காலை, நரம்பு கிடைக்காததால் மேல் கையில் ஒரு நீளமான குழாய் போட்டுவிடலாம், இரண்டு வாரத்துக்கு அதிலேயே மருந்து போகும், வீட்டுக்கும் அனுப்பிவிடலாம் என்று வார்டில் சொன்னார்கள். பிக் லைன் என்று சொல்வார்கள் அதை. கையின் உட்பக்க ரத்தக்குழாயில் நுழைத்து இதயத்துக்குப் பக்கம் வரை கொண்டுபோய் விடும் மெல்லிய குழாய். எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது, கையெழுத்துப் போடப் பேனாவையும் எடுத்துவிட்டேன். நல்லவேளை, அந்த நேரம் பார்த்து அம்மாவை வழக்கமாகப் பார்க்கும் கிட்னி டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். வந்தவர் முதலில் சொன்னதே, "இவங்க கைல அதைப் போடாதீங்க" என்பதுதான்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இந்த விமர்சனத்தின் மையமே இதுதான். கிட்னி முழுவதும் செயலிழந்தால் டயாலிசிஸ் செய்ய வேண்டும். டயாலிசிஸுக்கு நல்ல வழி ஃபிஸ்துலா, கையில் தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைப்பது. (நாம் பேச்சில் நரம்பு என்று சொல்வது இந்தச் சிரையைத்தான்.) அந்தச் சிரை அடைப்பும் சுருக்கமும் இல்லாமல் இருந்தால்தான் ஃபிஸ்துலா தேறும். பிக் லைன் இருந்த சிரையில் ரத்தம் உறைவதும், பிறகு அது சுருங்கிப்போவதும் சாதாரணமாக நடக்கிற விஷயம். அதனால்தான் அமெரிக்க நெஃப்ராலஜி சங்கம் 2012-லேயே, மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்குக் கிட்னி டாக்டரைக் கேட்காமல் பிக் லைன் போடக் கூடாது என்று சொன்னது. இரண்டு வாரக் கால் புண்ணுக்காகப் பத்து வருட டயாலிசிஸ் வழியை அடைத்துவிடப் பார்த்தோம். வார்டில் இருந்தவர்கள் மோசமானவர்கள் இல்லை, அக்கறையோடுதான் இருந்தார்கள். அவர்கள் கண்ணில் பட்டது கால், கையைப் பார்க்க இன்னொருவர் வர வேண்டியிருந்தது.

சரி, குழாய் வேண்டாம், தினம் குத்தவும் வேண்டாம், வான்கோமைசின் கிட்னியைத் தொந்தரவு செய்கிறதோ என்ற சந்தேகமும் இருக்கிறது. மாத்திரைக்கு மாறலாமா என்றால் அங்கேயும் கிட்னி குறுக்கே நிற்கிறது. கோட்ரைமாக்சசோல் பொட்டாசியத்தை ஏற்றும், அம்மாவுக்கு அது ஏற்கெனவே மேல் விளிம்பில். லினசோலிட் நல்ல மருந்து, ஆனால் கிட்னி பழுதானவர்களுக்கு அதில் ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் இறங்குவது அதிகம், தவிர அம்மா மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை சாப்பிடுகிறார், அதோடு லினசோலிட் ஒத்துப்போகாது. அப்போதுதான் டாக்டர் டால்பவான்சின் பெயரைச் சொன்னார். ஒரு தடவை, அரை மணி நேரம், முடிந்தது. கேட்டதும் நம்பிக்கை வரவில்லை. பத்து நாள் மருந்தை எப்படி அரை மணி நேரத்தில் கொடுக்க முடியும்?

முடிவதற்குக் காரணம் அது உடம்பில் தங்கும் விதம். டால்பவான்சின் வான்கோமைசினுக்கு உறவுக்கார மருந்துதான், கிருமியின் சுவர் கட்டும் வேலையை அதே இடத்தில் போய்த் தடுக்கிறது. ஆனால் அதன் மூலக்கூறில் கொழுப்புத் தன்மையுள்ள ஒரு நீண்ட வால் இருக்கிறது. ரத்தத்தில் போனதும் 93 சதவீதம் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு, மெதுவாக, மிக மெதுவாக விடுபடுகிறது. இறுதிக் கட்டத்தில் அது பாதியாகக் குறைய 346 மணி நேரம், அதாவது பதினாலு நாளுக்கும் மேல். கொடுத்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மாறாமல் சிறுநீரில் போகிறது, மலம் வழியாகவும் ஒரு பகுதி போகிறது. அதனால் கிட்னியை மட்டுமே நம்பி நிற்கும் மருந்து இல்லை இது. ரத்தத்தில் அளவு பார்த்துப் பார்த்துக் கொடுக்க வேண்டிய அவசியமும் வழக்கமாகக் கிடையாது. அம்மாவுக்கு அது எத்தனை குத்தல்கள் குறைவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இப்போது டோஸ் விஷயத்துக்கு வருகிறேன், எங்களுக்கு நடந்த ஒரு குறையும் இங்கேதான். இந்த மருந்தின் வழக்கமான டோஸ் 1500 மில்லிகிராம் ஒரே தடவை, அல்லது முதலில் 1000, ஒரு வாரம் கழித்து 500. கிரியேட்டினின் கிளியரன்ஸ் (கிட்னி நிமிடத்துக்கு எத்தனை மில்லி ரத்தத்தைச் சுத்தம் செய்கிறது என்ற கணக்கு) 30-க்குக் கீழே இருந்து, முறையாக டயாலிசிஸ் செய்துகொள்ளாதவராக இருந்தால் 1125 ஒரே தடவை, அல்லது 750, பிறகு 375. அம்மாவின் சீட்டில் முதலில் 1500 என்றுதான் எழுதியிருந்தது. அதைப் பிடித்தது மருந்தகத்தில் இருந்த மருந்தாளுநர், ஒரு சின்னப் பெண். வார்டுக்கு ஃபோன் செய்து, எடை என்ன, கிரியேட்டினின் என்ன, டயாலிசிஸ் உண்டா என்று மூன்றே கேள்வி கேட்டு, சீட்டைத் திருத்த வைத்தார். அவரை நேரில் பார்த்து நன்றி சொல்லிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

கிளியரன்ஸ் கணக்கு ஒன்றும் பெரிய விஷயமில்லை, யாரும் போட்டுப் பார்க்கலாம். 1976-ல் காக்கிராஃப்டும் கால்ட்டும் கொடுத்த சூத்திரம்: 140-லிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுக்க வேண்டும், பெண்ணாக இருந்தால் அதை 0.85-ஆல் பெருக்க வேண்டும். அம்மாவுக்கு 140-ல் 68 போனால் 72, கீழேயும் 72, இரண்டும் அடிபட்டுப் போகிறது. 58-ஐ 2.6-ஆல் வகுத்தால் 22, அதில் 0.85 பங்கு 19. கிரியேட்டினின் 3.1 என்று வைத்தால் 16. இரண்டும் 30-க்குக் கீழேதான், ஆகவே எந்த நாள் எண்ணை எடுத்தாலும் 1125-தான் சரி. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிரியேட்டினின் தினம் ஏறிக்கொண்டிருக்கும்போது இந்தச் சூத்திரம் கிட்னியை இருப்பதைவிட நன்றாகக் காட்டிவிடும். 30-க்கு ஒட்டி மேலேயோ கீழேயோ இருப்பவர்கள், ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்கிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். லேப் ரிப்போர்ட்டில் அச்சாகி வரும் ஈ.ஜி.எஃப்.ஆர் (கிட்னி வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) வேறு கணக்கு, மருந்து டோஸுக்கான 30 என்ற எல்லை கிரியேட்டினின் கிளியரன்ஸை வைத்துச் சொல்லப்பட்டது. பல பேர் இரண்டையும் ஒன்றென்று நினைத்துக்கொள்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

டயாலிசிஸ் செய்பவர்களுக்கு டோஸைக் குறைக்க வேண்டாம் என்பது முதலில் கேட்கத் தலைகீழாக இருக்கும். கிட்னி இன்னும் மோசம், ஆனால் முழு டோஸா? பரிசோதித்துப் பார்த்ததில் வந்த முடிவு அதுதான். கிட்னி பாதிப்பு கடுமையாக இருந்து டயாலிசிஸ் இல்லாதவர்களிடம் மருந்து வெளியேறும் வேகம் 47 சதவீதம் குறைந்திருந்தது, அதாவது உடம்பு சந்திக்கும் மருந்தின் மொத்த அளவு ஏறத்தாழ இரண்டு மடங்கு. முறையாக டயாலிசிஸ் செய்பவர்களிடம் அது லேசான, நடுத்தரப் பாதிப்பு உள்ளவர்களைப் போலவே இருந்தது. மூன்று மணி நேர டயாலிசிஸில் கொடுத்த டோஸில் 6 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் வெளியே போகிறது, ஆகவே டயாலிசிஸுக்கு முன்னா பின்னா என்று நேரம் பார்க்கவும் வேண்டியதில்லை.

ஏற்றிய நாள். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு, பாட்டில். டால்பவான்சினை சலைனில் கலக்கக் கூடாது, கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில், நம் பேச்சில் குளுக்கோஸ் பாட்டிலில்தான் கலக்க வேண்டும். வேறு மருந்து போன அதே டியூபில் விடுவதானால் முன்னாலும் பின்னாலும் டெக்ஸ்ட்ரோஸால் கழுவ வேண்டும். "சர்க்கரைக்காரங்களுக்கு குளுக்கோஸ் ஏத்துறீங்களே" என்று அக்கா பதறிவிட்டாள். நர்ஸ் பொறுமையாக விளக்கினார்: 250 மில்லியில் இருப்பது பன்னிரண்டரை கிராம் சர்க்கரை, ஏற்றி முடித்ததும் ஒரு தடவை சுகர் பார்த்துக்கொள்ளலாம் என்று. பார்த்தார்கள், கொஞ்சம் ஏறி மாலைக்குள் இறங்கிவிட்டது. முப்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஏற்ற வேண்டும், வேகமாக விட்டால் வான்கோமைசினுக்கு வருவது போல முகம், கழுத்தெல்லாம் சிவந்து அரிக்கும். அம்மாவுக்கு அப்படி எதுவும் வரவில்லை. புறங்கையில் ஒரே ஒரு சின்ன ஊசி, அதையும் ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். அன்று மாலை வெறுங்கையோடு வீட்டுக்கு வந்த அம்மா, சேலையை ஒழுங்காக மடிப்பு வைத்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். அவ்வளவு நாளாகக் கையில் தொங்கிய டியூப் அதற்குக்கூட விடவில்லை.

பின்விளைவு என்று பார்த்தால் இரண்டு நாள் குமட்டல், லேசாகத் தலைவலி. இந்த மருந்தில் அதிகம் சொல்லப்படுவதும் அவைதான், வயிற்றுப்போக்கும் உண்டு, ஒவ்வொன்றும் நூற்றில் நாலைந்து பேருக்கு வரும். ஈரல் என்சைம் சிலருக்கு ஏறலாம் என்பதால் ஒரு வாரம் கழித்து அதையும் கிரியேட்டினினையும் சேர்த்துப் பார்த்தோம். கிரியேட்டினின் அப்போது 2.9, ஒரு மாதத்தில் 2.7. இறங்கியதற்கு இந்த மருந்துதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன், தொற்று அடங்கினாலே கிட்னி கொஞ்சம் மூச்சு விடும். ஏறவில்லை, எனக்கு அது போதும். காலின் சிவப்பு நாலாம் நாளே நாங்கள் பேனாவால் போட்டிருந்த கோட்டுக்கு உள்ளே சுருங்கிவிட்டது. அந்தக் கோடு போடும் யோசனை நர்ஸ் சொன்னது, வீட்டில் பார்த்துக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை.

இனி குறைகள். முதல் குறை, கொடுத்ததைத் திரும்ப எடுக்க முடியாது. வாரக்கணக்கில் தங்குகிறது என்பதை நாம் லாபமாகப் பேசுகிறோம், ஒவ்வாமை வந்துவிட்டால் அதே குணம் எதிரியாகிவிடும். மாத்திரையை நிறுத்தலாம், வான்கோமைசினை அடுத்த டோஸில் நிறுத்தலாம், இதை நிறுத்த ஒன்றும் இல்லை, டயாலிசிஸாலும் இழுத்து வெளியே போட முடியாது. வான்கோமைசினுக்கோ டெய்கோபிளானினுக்கோ கடுமையான ஒவ்வாமை முன்பு வந்திருந்தால், அதை ஊசிக்கு முன்னாலேயே சத்தமாகச் சொல்லிவிட வேண்டும், உறவுக்கார மருந்துகள் என்பதால் இதற்கும் வர வாய்ப்புண்டு. எங்களிடம் அதைக் கேட்டார்களா என்றால், கேட்டார்கள், ஆனால் ஊசி கலந்த பிறகு. அம்மா மூன்று நாள் வான்கோமைசின் வாங்கி ஒன்றும் ஆகாமல் இருந்ததால் பரவாயில்லை, இருந்தாலும் வரிசை தப்பு.

இன்னொரு குறை மருந்தில் இல்லை, அதைச் சுற்றி இருக்கும் ஏற்பாட்டில். ஊசி போட்டதும் எல்லாம் முடிந்ததுபோல் ஒரு நினைப்பு எல்லோருக்கும் வந்துவிடுகிறது. டிஸ்சார்ஜ் சீட்டில் அடுத்து எப்போது வர வேண்டும் என்றே எழுதவில்லை, நான் திரும்பிப் போய்க் கேட்டு எழுதி வாங்கினேன். தினம் மருந்து போகும் நோயாளியை தினம் யாராவது ஒருவர் பார்ப்பார்கள். ஒரே ஊசியோடு வீட்டுக்கு வந்தவரை அப்படிப் பார்க்க ஆள் இல்லை. முதல் மூன்று நாளுக்குள் ஒரு தடவையும், ஒரு வாரத்தில் ஒரு தடவையும் காலை ஒருவர் பார்த்தே ஆக வேண்டும். அப்புறம் சீழ் உள்ளே தேங்கியிருந்தால் எந்த ஆன்டிபயாடிக்கும் அதைக் கரைக்காது, அம்மாவுக்கு முதல் நாளே கீறி வடித்ததில் பாதி குணம் வந்துவிட்டது என்றுதான் நான் நம்புகிறேன்.

விலை. வான்கோமைசினோடு வைத்தால் மருந்தின் விலை மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். படுக்கை, ரத்தப் பரிசோதனை, குழாய், குழாயில் வரும் தொற்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் வித்தியாசம் குறையும், ஆனால் அந்தச் செலவும் இந்தச் செலவும் ஒரே பையிலிருந்து போகாவிட்டால் இந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. குறைந்த டோஸ் என்பதால் குப்பி குறையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குப்பி 500 மில்லிகிராம், 1125-க்கு மூன்று குப்பி உடைத்தாக வேண்டும், மூன்றாவதில் முக்கால் பங்கு வீண்.

என் மாமா வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறவர். அம்மாவின் கதையைக் கேட்டுவிட்டு, "எனக்கும் இதையே போடச் சொல்லுப்பா" என்றார், அவருக்கும் அப்போது தோளில் ஒரு கட்டி. அவர் டாக்டர் வேண்டாம் என்றார், காரணம் எனக்குப் பிடித்திருந்தது. மாமாவின் கிருமி எம்.ஆர்.எஸ்.ஏ இல்லை, சாதாரண ஸ்டெஃப். அதற்குச் செஃபசோலின் போதும். செஃபசோலின் கிட்னி நன்றாக இருப்பவருக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை போட வேண்டிய மருந்து, இரண்டு மணி நேரத்துக்குள் பாதி போய்விடும். கிட்னி வேலை செய்யாதவரிடம் அது ஒரு நாளுக்கு மேல் தங்குகிறது. அதனால் டயாலிசிஸ் முடிந்ததும் இயந்திரத்தின் டியூபிலேயே 2 கிராம், 2 கிராம், நீண்ட இடைவெளி வரும் நாளுக்கு 3 கிராம் என்று வாரத்துக்கு மூன்று டோஸில் முடித்துவிடலாம். தனியாக ஒரு குத்தல்கூட இல்லை. கிட்னி போன உடம்பில் பழைய மலிவான மருந்தே நீண்ட நாள் மருந்தாகிவிடுகிறது. மாமாவுக்கு டால்பவான்சின் தந்திருக்கக் கூடிய லாபம் எல்லாம் டயாலிசிஸ் நாற்காலியிலேயே கிடைத்துவிட்டது. அம்மாவுக்கு அந்த நாற்காலி இல்லை, காப்பாற்ற வேண்டிய நரம்பு மட்டும் இருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு கிட்னி நோயாளிகள், இரண்டு பேருக்கும் சரியான மருந்து வேறு வேறு.

இதே இனத்தில் ஓரிட்டவான்சின் என்று இன்னொன்று உண்டு. 1200 மில்லிகிராம் ஒரே தடவை, முதலில் வந்த வடிவம் மூன்று மணி நேரம் ஏற்ற வேண்டும், பிறகு வந்தது ஒரு மணி நேரம். லேசான, நடுத்தரக் கிட்னி பாதிப்புக்கு டோஸ் மாற்றம் வேண்டாம். ஆனால் ரத்தம் உறையும் நேரத்தைப் பார்க்கும் ஏ.பி.டி.டி பரிசோதனையை அது ஐந்து நாள் வரை பொய்யாக நீட்டிக் காட்டும், அதனால் அந்த ஐந்து நாளும் நரம்பு வழியாக ஹெப்பாரின் கொடுக்கக் கூடாது என்று இருக்கிறது. டயாலிசிஸில் ரத்தம் உறையாமல் இருக்க ஹெப்பாரின்தானே விடுகிறார்கள். அந்த இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? எங்கள் டாக்டர் இதனால்தான் அந்தப் பெயரைப் பேச்சிலேயே எடுக்கவில்லை.

ஆராய்ச்சியில் எவ்வளவு உறுதி என்று கேட்பவர்களுக்கு: மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அமைப்பான எஃப்.டி.ஏ 2014 மே மாதம் தோல், தோலடித் தொற்றுக்கு இதை அனுமதித்தது, ஒரே டோஸ் முறை 2016 ஜனவரியில் வந்தது. 2014-ல் வெளியான டிஸ்கவர் 1, டிஸ்கவர் 2 என்ற இரண்டு சோதனைகளில் டால்பவான்சின் வாங்கியவர்களில் 79.7 சதவீதம் பேருக்கும், வான்கோமைசினில் ஆரம்பித்து லினசோலிடுக்கு மாறக்கூடிய முறையில் இருந்தவர்களில் 79.8 சதவீதம் பேருக்கும் ஆரம்ப நாட்களிலேயே பலன் தெரிந்தது. சமம், அதற்கு மேல் இல்லை. ரத்தத்தில் ஸ்டெஃப் பரவியவர்களுக்கு, முதல் கட்டச் சிகிச்சையில் ரத்தம் சுத்தமான பிறகு மீதி நாட்களுக்கு இதைக் கொடுத்துப் பார்த்த டாட்ஸ் என்ற சோதனை 200 பேரை வைத்து நடந்தது, 2025-ல் வெளியானது. அதிலும் வழக்கமான சிகிச்சையைவிட மேல் என்று வரவில்லை, குணமாகும் அளவில் ஒத்திருந்தது. ஆகவே இது கூடுதல் பலம் வாய்ந்த மருந்து என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அதே பலன், குழாய் இல்லாமல். அம்மா மாதிரி ஒருவருக்கு அந்தக் "குழாய் இல்லாமல்" என்பதுதான் எல்லாம்.

இன்னொன்று, பக்கத்து வீட்டு அக்கா தன் மாமியாருக்கு அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றுக்கு இதைக் கேட்கலாமா என்று விசாரித்தார். கேட்டுப் பயனில்லை. சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலும் இருப்பது ஈ.கோலை, கிளெப்சியெல்லா மாதிரியான கிராம் நெகட்டிவ் கிருமிகள், அவற்றின் வெளிச்சுவரைத் தாண்டி இந்தப் பெரிய மூலக்கூறு உள்ளே போகவே முடியாது. ஸ்டெஃப், ஸ்ட்ரெப் மாதிரி கிராம் பாசிட்டிவ் கிருமிகளுக்கு மட்டும்தான். சர்க்கரைக்காரர்களின் ஆறாத பாதப் புண்ணில் இரண்டு வகையும் கலந்தே இருக்கும் என்பதால் அங்கேயும் இதை மட்டும் நம்பக் கூடாது. கல்சர் ரிப்போர்ட் கையில் இல்லாமல் இந்த மருந்தைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்காதீர்கள்.

மதிப்பெண் கொடுத்தாக வேண்டும் என்றால் மருந்துக்கு ஐந்துக்கு நாலரை, எங்களுக்குக் கிடைத்த ஏற்பாட்டுக்கு மூன்று. அந்த மூன்றிலும் ஒன்று மருந்தகத்துப் பெண்ணுக்கு. மறுபடி இப்படி ஒரு நிலை வந்தால் முதல் நாளே நானே கேட்பேன்: கிட்னி டாக்டரிடம் சொல்லியாயிற்றா, கிளியரன்ஸ் கணக்கு யார் போட்டது, எந்தப் பாட்டிலில் கலக்கிறீர்கள், அடுத்து யார் எப்போது பார்ப்பார்கள்.

போன வாரம் ஃபிஸ்துலாவுக்காக அம்மாவின் இரண்டு கையிலும் ஸ்கேன் எடுத்தார்கள். இடது முன்கையில் சிரை அடைப்பில்லாமல் நல்ல அகலமாக இருக்கிறது, அதிலேயே செய்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னார். அன்றிலிருந்து யார் ரத்தம் எடுக்க வந்தாலும் அம்மாவே இடது கையை முந்தானைக்குள் இழுத்து வைத்துக்கொண்டு, வலது புறங்கையை நீட்டுகிறார்.